கடை வாசல் ஏறாத மென்பொருள்: ரீப்பருடன் ஐந்து ஆண்டுகள்

மும்பையின் மாட்டுங்கா கிழக்கில், கிங்ஸ் சர்க்கிள் நிலையத்திலிருந்து நடந்து வரும் தூரத்தில், பழைய கட்டடம் ஒன்றின் மூன்றாவது மாடியில் பத்துக்குப் பத்து அறையில் உட்கார்ந்து பிறர் குரலைத் திருத்திக் கொடுப்பது என் பிழைப்பு. தமிழ் ஒலிநூல்கள் பாதி. வீடுகளிலும் சிறிய சபாக்களிலும் பதிவாகும் கச்சேரிகளும் நாமசங்கீர்த்தனங்களும் மீதி. 2020 நவம்பரில் காசு கட்டி வாங்கியதிலிருந்து இவ்வளவையும் ரீப்பர் என்ற ஒரே மென்பொருளில் செய்து வருகிறேன். ஒலித் திருத்தத்துக்கு இது எப்படி என்று எழுதத் தொடங்கினால், இதை வாங்கிய விதத்தையும் சேர்த்தே எழுத வேண்டியிருக்கிறது. ஏனென்றால் ரீப்பரிடம் எனக்குப் பிடித்த குணங்களில் பெரும்பாலானவை, அதை எழுதியவர்கள் எந்த ஆப் ஸ்டோரையும் நடுவில் வைக்காமல் தங்கள் இணையதளத்தில் தாங்களே விற்பதால் வந்தவை. அதன் குறைகளில் சிலவும் அங்கிருந்தே வந்தவைதாம்.

ரீப்பரை எழுதி விற்பது காக்கோஸ் என்ற மிகச் சிறிய நிறுவனம். அதை நிறுவிய ஜஸ்டின் ஃப்ராங்கலின் பெயர் தெரியாதவர்களுக்கும் அவருடைய பழைய படைப்பு தெரிந்திருக்கும்: எம்பி3 குறுந்தகடுகளின் காலத்தில் வீட்டுக்கு வீடு கணினியில் ஓடிய வின்ஆம்ப். வின்ஆம்பை வெளியிட்ட அவருடைய நிறுவனத்தை 1999இல் ஏஓஎல் என்ற அமெரிக்க இணைய நிறுவனம் வாங்கியது. 2004இல் ஃப்ராங்கல் அங்கிருந்து வெளியேறினார். 2005இன் இறுதியில் ரீப்பர் முதலில் இலவசமாக வெளிவந்து, அடுத்த ஆண்டு விலைக்கு வந்தது. ஒரு பெரிய நிறுவனத்திடம் விற்றுவிட்டு அதற்குள் வேலை செய்தும் பார்த்த ஒருவர், இரண்டாவது முறை யாருக்கும் விற்காமல், யார் வழியாகவும் விற்காமல் நடத்தும் வியாபாரம் இது என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் மற்றவை எளிதில் விளங்கும்.

பதிவிறக்கும் கோப்பு விண்டோஸில் இருபது எம்பியைத் தாண்டுவதில்லை. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்து விழும் கல்யாண வீடியோ பலவும் இதைவிடப் பெரியவை. கணக்குத் தொடங்கச் சொல்வதில்லை, மின்னஞ்சல் முகவரி கேட்பதில்லை, கார்டு எண்ணை முன்கூட்டி வாங்கி வைத்துக்கொள்வதுமில்லை. 60 நாள் எல்லா வசதிகளுடனும் பயன்படுத்திப் பார்க்கலாம். அதற்குப் பிறகும் அது பூட்டிக்கொள்வதில்லை என்பதுதான் விசேஷம். திறக்கும்போதெல்லாம், இது இலவச மென்பொருள் அன்று, லைசென்ஸ் வாங்க வேண்டும் என்று சொல்லும் சிறிய சாளரம் ஒன்று வரும். சில விநாடிகள் காத்திருந்து, “இன்னும் பரிசோதித்துக்கொண்டிருக்கிறேன்” என்ற பொருள்படும் பொத்தானை அழுத்திவிட்டு உள்ளே போய்விடலாம். அறுபதாம் நாளுக்குப் பிறகு நான் ஒன்றரை மாதம் அந்தப் பொத்தானை அழுத்தினேன். வாடகை பாக்கி வைத்தவன் மாடிப்படியில் வீட்டுக்காரரை எதிர்கொள்வதைப் போன்ற அனுபவம் அது. அவர் ஒன்றும் கேட்கமாட்டார், சிரித்துவிட்டுப் போவார், ஆனால் தினமும் எதிரில் வருவார். அந்த ஒன்றரை மாதத்தில் ரீப்பரில் திருத்திய வேலைகளுக்கு நான் கூலி வாங்கியிருந்தேன் என்பதால், தீபாவளிக்கு மறுவாரம் காசைக் கட்டிவிட்டேன்.

விலை இரண்டு வகை. தனிப்பட்ட பயன்பாட்டுக்கும், தொழிலில் ஆண்டு வருமானம் 20,000 டாலரைத் தாண்டாதவர்களுக்கும் 60 டாலர். மற்ற வணிகப் பயன்பாட்டுக்கு 225 டாலர். இரண்டுக்கும் மென்பொருள் ஒன்றுதான், ஒரு வசதி கூடுதலுமில்லை, ஒன்று குறைவுமில்லை. எந்த வகையில் வருகிறோம் என்பதை நாமே சொல்ல வேண்டும்; யாரும் வருமான வரிக் கணக்கைக் காட்டச் சொல்வதில்லை. ஒரு லைசென்ஸ் இரண்டு பெரும் பதிப்புகளுக்குச் செல்லும். நான் ஆறாம் பதிப்பின் காலத்தில் வாங்கியதால், 2023 அக்டோபரில் ஏழாம் பதிப்பு வந்தபோது ஒரு பைசாவும் தராமல் அதற்கு மாறினேன், 7.99 வரை என் லைசென்ஸ் செல்லும். எத்தனை கணினிகளில் வேண்டுமானாலும் நிறுவிக்கொள்ளலாம், ஒரு நேரத்தில் ஒன்றில் மட்டும் வேலை செய்தால் போதும்.

இந்த விற்பனை நிபந்தனைகளை ஆப் ஸ்டோருக்குள் வைத்துப் பார்த்தால் பொருந்தாது. மேக் ஆப் ஸ்டோர் 2011 ஜனவரியில் தொடங்கியபோது ஒவ்வொரு விற்பனையிலும் 30 விழுக்காடு எடுத்துக்கொண்டது. 2021 முதல் ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலருக்குள் சம்பாதிக்கும் சிறிய நிறுவனங்களுக்கு அது 15 ஆகக் குறைந்தது. 60 டாலரில் 18 டாலர் போவதும் 9 டாலர் போவதும் எழுதுபவருக்குப் பெரிய வேறுபாடுதான். நேரடி விற்பனையிலும் கார்டு நிறுவனங்களுக்குக் கொடுக்காமல் தப்ப முடியாது. நாடு நாடாக வரி கட்டும் பொறுப்பையும் ஏற்றுக்கொண்டு விற்றுத்தரும் பேடில் போன்ற நிறுவனங்கள் 5 விழுக்காடும் விற்பனைக்கு 50 சென்ட்டும் வாங்குகின்றன. ஆனால் வாங்குபவனாகிய எனக்குக் கமிஷனைவிட முக்கியமாகத் தோன்றுவது விதிகள். பழைய வாடிக்கையாளருக்குக் குறைந்த விலையில் புதிய பதிப்பைத் தருவதற்கு ஆப் ஸ்டோரில் நேரான வழி இருக்கவில்லை. 2012 ஜூனிலிருந்து மேக் ஆப் ஸ்டோரில் வரும் ஒவ்வொரு மென்பொருளும் சாண்ட்பாக்ஸ் என்ற, கணினியின் மற்ற பகுதிகளைத் தொடவிடாத வேலிக்குள் ஓட வேண்டும் என்ற கட்டாயமும் வந்தது. பாதுகாப்புக்கு நல்லதுதான், ஆனால் பத்துப் பேர் எழுதிய ப்ளக்-இன் என்ற துணைக் கருவிகளையும் தன்னார்வலர்களின் ஸ்கிரிப்டு என்ற சிறு நிரல்களையும் உள்ளே சேர்த்துக்கொண்டு ஓட வேண்டிய ஒலி மென்பொருளுக்கு அந்த வேலி இறுக்கமானது. வடிவமைப்பாளர்கள் பயன்படுத்தும் ஸ்கெட்ச், 2015 டிசம்பரில் இவற்றையும் பரிசீலனைத் தாமதத்தையும் காரணம் காட்டி மேக் ஆப் ஸ்டோரை விட்டு வெளியேறியது. ரீப்பருக்கு வெளியேறும் வேலையே இருக்கவில்லை. அந்தக் கடை திறப்பதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே அது தன் திண்ணையில் வியாபாரத்தைத் தொடங்கிவிட்டது.

இதற்கு நேர்மாறான அனுபவமும் எனக்கு உண்டு. ரீப்பருக்கு வருமுன், இரைச்சல் நீக்கும் ஒரு சிறிய செயலியை ஆப் ஸ்டோர் ஒன்றில் ஒரே தடவைக் கட்டணத்துக்கு வாங்கியிருந்தேன். இரண்டு ஆண்டுகளில் அது மாதச் சந்தாவாக மாறியது; பழையவர்களுக்கு என்ன என்று கேட்டு எழுதியபோது, உங்கள் மின்னஞ்சல் எங்களிடம் இல்லை, வாங்கியதற்கான ஆதாரம் கடையிடம்தான் இருக்கிறது, அங்கே கேளுங்கள் என்று பதில் வந்தது. கடையோ எழுதியவரைக் கேட்கச் சொன்னது. சில மாதங்களில் செயலியே பட்டியலிலிருந்து காணாமல் போனது. இதில் யாரையும் மோசக்காரர் என்று சொல்ல மாட்டேன். எழுதியவருக்குத் தன் வாடிக்கையாளர் யார் என்று தெரியாத ஏற்பாட்டில் இதைத் தவிர வேறு பதில் அவரிடம் இருந்திருக்காது.

இனி வேலைக்கு வருகிறேன். ரீப்பரோடு வரும் ப்ளக்-இன்கள் பார்க்க அழகில்லாதவை. குமிழும் முள்ளும் வைத்த பழைய கருவிகளைப் போலப் படம் வரைந்து மயக்காமல், சாம்பல் நிறப் பெட்டியில் எண்களைக் காட்டுபவை. ஆனால் சொன்ன வேலையைச் சொன்னபடி செய்பவை. எவ்வளவு சொன்னபடி என்பதை ஒரு நவராத்திரிப் பதிவில் கற்றுக்கொண்டேன். எழுபது வயதைக் கடந்த மாமி ஒருவர் வீட்டில் பாடிய ஆறு கீர்த்தனைகள்; மின்விசிறியின் இரைச்சல் மேலே படர்ந்திருந்தது. ரீஎஃப்ஐஆர் என்ற ப்ளக்-இன்னில், இரைச்சல் மட்டும் கேட்கும் பகுதியை மாதிரியாகக் காட்டினால் அதைப் பதிவு முழுவதிலிருந்தும் கழித்துவிடும் வசதி இருக்கிறது. அவர் பாடத் தொடங்குவதற்கு முந்தைய இரண்டு விநாடியை மாதிரியாகக் கொடுத்தேன். அந்த இரண்டு விநாடியில் மின்விசிறியோடு சுருதிப் பெட்டியும் ஒலித்துக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. ரீப்பர் இரண்டையும் சேர்த்தே துடைத்துவிட்டது. அனுப்பிய அன்று மாலையே மாமி போன் செய்தார்.

“ஏண்டாப்பா, நன்னாப் பண்ணியிருக்கே. ஆனா என் சுருதிப் பெட்டி எங்கே போச்சு? நான் என்ன அந்தரத்துலயா பாடினேன்?”

சுருதிப் பெட்டி போனதோடு, அவர் ஆதார ஸட்ஜத்தில், அதாவது அடிப்படை ‘ஸ’வில், நின்ற இடங்களிலெல்லாம் குரலும் மெலிந்து போயிருந்தது. அன்றிலிருந்து பாடுபவர்களிடம், சுருதியைப் போடுவதற்கு முன் பத்து விநாடி அறையை வெறுமனே பதிவு செய்யுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். மின்சார உறுமலையும் இப்போது கையால்தான் எடுக்கிறேன்: நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் உறுமல் 50, 100, 150 என்று ஏறும், ரீஈக்யூ என்ற ப்ளக்-இன்னில் அந்தந்த இடத்தில் ஊசி முனை அளவுக்கு வெட்டினால் போதும். அதிலும் கவனம் வேண்டும். ஒரு கட்டைச் சுருதியில் பாடும் ஆண் குரலுக்கு ஆதார ஸட்ஜம் ஏறக்குறைய 131 ஹெர்ட்ஸில் நிற்கும். இரண்டு கட்டை என்றால் 147. அவருக்கு 150இல் கை வைத்தால் உறுமலோடு ஸட்ஜத்தையும் சீவ வேண்டியதுதான். தானாகவே எல்லாவற்றையும் சரிசெய்து தருகிறேன் என்று சொல்லும் மென்பொருள்கள் இந்த வேறுபாட்டைக் கேட்டுச் செய்வதில்லை. ரீப்பர் எதையும் தானாகச் செய்கிறேன் என்று சொல்வதே இல்லை.

ஒலிநூல் வேலையில்தான் அது என் நேரத்தை மிச்சப்படுத்துகிறது. அத்தியாயத்தின் நடுவே பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் விழும், ரயில் ஹார்ன் விழும், படிப்பவர் தடுமாறி வரியை மீண்டும் தொடங்குவார். ரிப்பிள் எடிட் என்ற நிலையை இயக்கிவிட்டால், நடுவில் வெட்டிய அளவுக்குப் பின்னால் உள்ள பதிவு முழுவதும் தானே முன்னால் வந்து ஒட்டிக்கொள்ளும். பல செயல்களைக் கோத்து ஒரே விசையில் கட்டிவைக்கவும் முடியும். வெட்டிய இடத்தில் அறையின் மௌனத்தை ஒட்டி, இரண்டு ஓரத்தையும் மெல்லக் கலந்துவிடும் ஐந்து செயல்களை நான் ஒரே விசையில் வைத்திருக்கிறேன். அத்தியாயங்களுக்குத் தமிழிலேயே பெயர் வைத்து, அந்தப் பெயரிலேயே நாற்பது கோப்புகளையும் ஒரே மூச்சில் ரெண்டர் செய்யலாம், அதாவது இறுதி ஒலிக் கோப்புகளாக எழுதி எடுக்கலாம். அமேசானின் ஒலிநூல் தளமான ஏசிஎக்ஸின் அளவுகோலையே எனக்கு வேலை தரும் பதிப்பகமும் கேட்கிறது: சராசரி ஒலி மைனஸ் 23க்கும் மைனஸ் 18க்கும் இடையே, உச்சம் மைனஸ் 3ஐத் தாண்டாமல், அறை இரைச்சல் மைனஸ் 60 டெசிபலுக்குக் கீழே. ஒலி அளவையும் உச்சத்தையும் ரெண்டர் சாளரத்திலேயே கட்டுப்படுத்திவிடலாம். கோப்பை எழுதாமலேயே ஒருமுறை ஓட்டி எண்களை மட்டும் பார்க்கவும் வழி உண்டு. அறை இரைச்சலுக்கு மட்டும் மென்பொருள் பொறுப்பில்லை, மின்விசிறியை நிறுத்தத்தான் வேண்டும். மும்பையில் மே மாதம் அதைப் படிப்பவரிடம் சொல்லிப் பாருங்கள்.

குறை என்று பார்த்தால், புதிதாக வருபவரை ரீப்பர் வரவேற்பதில்லை. மெனுக்கள் ஆயிரம் வாசல் வீடு போல விரிகின்றன; ஒரே வேலைக்கு நான்கு வழிகள் இருக்கின்றன, எது நல்ல வழி என்று அது சொல்வதில்லை. முதல் இரண்டு வாரம் எனக்கு எரிச்சலிலேயே கழிந்தது. ஜெஃப்ரி ஃப்ரான்சிஸ் எழுதிய, 400 பக்கங்களுக்கு மேல் ஓடும் கையேடு இலவசமாகக் கிடைக்கிறது. அதை அச்செடுத்து ஸ்பைரல் போட்டு வைத்துக்கொண்டதால்தான் தேறினேன். தன்னார்வலர்கள் எழுதிய எஸ்டபிள்யூஎஸ் என்ற இணைப்பையும் நிறுவிய பிறகே வேலை முழுமையாக ஓடுகிறது என்பதையும் குறையாகவே கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். அந்தேரி பக்கத்து ஸ்டுடியோக்களில் ப்ரோ டூல்ஸ் என்ற மென்பொருள்தான் நடைமுறை. அங்கே போகும் வேலையை ட்ராக் ட்ராக்காக வேவ் கோப்புகளாக ரெண்டர் செய்துதான் கொடுக்கிறேன், அப்படியே திறக்கும் வடிவில் கொடுக்க முடிவதில்லை.

நேரடி விற்பனைக்கே உரிய தொல்லை, காசு கட்டும் இடத்தில் இருக்கிறது. வாங்க முடிவு செய்த அன்று என் கார்டை வங்கி மூன்று முறை மறுத்தது. வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்தால், உங்கள் கார்டில் எந்தச் சிக்கலும் இல்லை என்றார்கள். காரணம் வேறு. ரிசர்வ் வங்கியின் விதிப்படி, 2020 அக்டோபர் முதல் தேதியிலிருந்து புதிதாகவோ மாற்றியோ தரப்படும் கார்டுகள் உள்நாட்டு ஏடிஎம்களிலும் கடை இயந்திரங்களிலும் மட்டுமே செல்லும்; இணையப் பயன்பாட்டையும் வெளிநாட்டுப் பயன்பாட்டையும் நாமே இயக்கிக்கொள்ள வேண்டும். எனக்கு அந்த மாதம்தான் புதிய கார்டு வந்திருந்தது. வங்கியின் செயலிக்குள் ஏழெட்டுத் திரைகள் தாண்டி அந்தப் பொத்தானைக் கண்டுபிடிக்க ஒரு மாலைப் பொழுது போயிற்று. வெளிநாட்டுத் தளங்கள் பலவும் ஓடிபி கேட்பதில்லை என்பதால், வேலை முடிந்ததும் அந்தப் பொத்தானை மீண்டும் அணைத்து வைப்பது நல்லது. 60 டாலர் அன்றைய மாற்று விகிதத்தில், வங்கியின் அந்நியச் செலாவணிக் கட்டணமும் சேர்ந்து, ஏறக்குறைய 4,600 ரூபாய் ஆயிற்று. இன்று அதே 60 டாலருக்கு 5,000க்கு மேல் கொடுக்க வேண்டும். டாலர் விலை பத்தாண்டுக்கும் மேலாக மாறவில்லை, ரூபாய்தான் மாறிக்கொண்டிருக்கிறது.

நியாயமாகச் சொன்னால், இந்த இடத்தில் ஆப் ஸ்டோர்கள் வசதியானவை. ரூபாயில் விலை, யுபிஐயில் கட்டணம், இரண்டு தட்டலில் வேலை முடியும். ஆனால் அந்த வசதியும் அசைக்க முடியாததன்று: தொடர் கட்டணங்கள் பற்றிய ரிசர்வ் வங்கி விதிகள் வந்த பிறகு, 2022இல் ஆப்பிள் இந்தியாவில் கார்டு வாங்குவதையே நிறுத்திவிட்டு, யுபிஐ, நெட்பேங்கிங், முன்கூட்டிப் போட்டு வைக்கும் இருப்பு ஆகியவற்றுக்கு மாறியது. கடை பெரியதாக இருந்தால் அதற்குள் நடக்கும் தகராறும் பெரியதாக இருக்கிறது. 2024 மார்ச் முதல் தேதி, கட்டணத் தகராறில் கூகுள் தன் ப்ளே ஸ்டோரிலிருந்து சில இந்தியச் செயலிகளை நீக்கியபோது அவற்றில் நம் சென்னை பாரத் மேட்ரிமோனியும் இருந்தது. அரசு தலையிட்ட பிறகு திரும்ப வைத்தார்கள். வரன் பார்க்கும் செயலி சில நாள் காணாமல் போனால் மாட்டுங்கா மாமிகளிடையே என்ன பேச்சு நடக்கும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

நேரடியாக வாங்கினால் சில பொறுப்புகள் நம் தலையில் விழும். தேடுபொறியில் பெயரைத் தட்டி முதலில் வரும் விளம்பரத்தை அழுத்தக் கூடாது; ரீப்பர் டாட் எஃப்எம் என்ற முகவரியை நாமே தட்டிப் போக வேண்டும். ஓசியில் தருகிறேன் என்று வரும் கோப்புகளில் வேறென்ன வருகிறது என்று யாருக்கும் தெரியாது. முழு மென்பொருளையும் எழுதியவரே திறந்து வைத்திருக்கும்போது அந்த வழிக்குப் போகும் அவசியம் எனக்குப் புரிவதே இல்லை. லைசென்ஸ் என்பது ஒரு சிறிய கோப்பு. அதைப் பத்திரப்படுத்துவதும் நம் வேலை. 2022 ஆடி மாதத்து மழையில், சன்னலை ஒட்டி வைத்திருந்த என் மடிக்கணினி நனைந்து போயிற்று. இரவல் வாங்கிய கணினி ஒன்றில் ரீப்பரைப் பதிவிறக்கி, பென்டிரைவில் இருந்த அந்தக் கோப்பைக் காட்டினேன். விசைக் கட்டுகளையும் அமைப்புகளையும் ஏற்கெனவே ஒரே கோப்பாக எடுத்து வைத்திருந்ததால் அவையும் வந்து உட்கார்ந்தன. இணையத்தில் சரிபார்ப்பு இல்லை, இது எத்தனையாவது கணினி என்ற கேள்வி இல்லை. அரை மணி நேரத்தில் விட்ட அத்தியாயத்திலிருந்து தொடர்ந்தேன்.

யாருக்கு இது ஆகாது என்றும் சொல்லிவிடுகிறேன். மாதம் ஒருமுறை பேரனின் பாட்டைப் பதிவு செய்து அனுப்புபவருக்கு ரீப்பர் அதிகப்படி. போனில் இருக்கும் பதிவுச் செயலியே போதும். ஸ்டுடியோ வேலைக்குப் போக நினைக்கும் இளைஞர்கள் ப்ரோ டூல்ஸையும் படித்துத்தான் ஆக வேண்டும். ஒலியே தொழிலாக, ஆனால் தனியாளாக, சந்தாக் கணக்குப் பார்த்துச் செலவழிப்பவர்களுக்கு என்றால், 60 நாள் ஓட்டிப் பாருங்கள் என்று தயங்காமல் சொல்வேன். முதல் பதினைந்து நாள் என்னைத் திட்டுவீர்கள்.

என் லைசென்ஸ் இன்னும் ஏழாம் பதிப்பில் ஓடுகிறது. எட்டாம் பதிப்பு வரும் நாளில் மீண்டும் 60 டாலர் கட்டுவேன். இந்த முறை கார்டின் வெளிநாட்டுப் பொத்தான் எந்தத் திரையில் இருக்கிறது என்று ஒரு சீட்டில் எழுதி, கையேட்டின் முதல் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன்.